சிட்டு அம்மாவைத் தேடினால்

பேய் நடமாடும் வீடு என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, வௌவால் அடைந்து, கூரை இடிந்து கிடக்க வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது. நான் போன வீடு ஒரு வரிசை வீட்டின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எதிரே ஒரு சலவைக் கடை. மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே அசந்து கிடந்தது. பட்டப்பகலில் பயப்பட அங்கே எதுவும் இல்லை.

எனக்குப் பிழைப்பு ஸ்பீக்கர்கள். வயர் இல்லாமல் அறைக்கு ஒன்றாக வைத்து, போனைத் தொட்டால் வீடு முழுக்கப் பாடுமே, அவைதான். பாடாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அணைத்துவிட்டு மறுபடி போட்டாலே சரியாகிவிடும். ஆனால் வந்ததும் வராததுமாக அதைச் செய்துகாட்டினால், "இதுக்கா உங்களைக் கூப்பிட்டோம்?" என்று முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. அதனால் கொஞ்ச நேரம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். அதுவும் தொழிலில் சேர்த்திதான்.

கதவைத் திறந்தவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போனில் பேசியதும் அவர்தான். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவரின் கண்கள் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்து, உள்ளே போயிருந்தன.

"மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"குழந்தை தூங்குதா சார்?"

அவர் மாடிப்படியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் தூங்கல."

கூடத்தில் ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. வெளியே அத்தனை வெயில் இருந்தும் உள்ளே சாயங்காலம்போல் இருட்டு. குழந்தைகளுக்குப் போடும் பவுடரின் வாசனை லேசாக வந்தது. சோபாவின் ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஒரு டாக்டர் வந்தால் எழுந்து நிற்பார்களே அந்த மாதிரி.

"அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "குரல் போயிடுச்சு. காது நல்லாக் கேக்கும். பேசணும்னா போன்ல எழுதிக் காட்டுவா."

நான் பையை இறக்கினேன். "என்ன ஆச்சு சார்?"

"இன்டர்நெட்டுல இருக்கற பாட்டு எல்லாம் பாடுது. எங்க பாட்டு மட்டும் பாட மாட்டேங்குது."

"உங்க பாட்டுன்னா? நீங்க சேர்த்து வச்சதா?"

"இவ பாடினது."

அந்த அம்மாள் போனில் வேகவேகமாக எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆபரேஷனுக்கு முன்னாடி பாடி வச்சேன். நான் திரும்பி வரலைன்னா சிட்டு தூங்கணுமே.

சிட்டு, அவர்களுடைய மகள். கேட்கவே நெஞ்சு இளகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மற்றவர்கள் துணிமணி எடுத்து வைப்பார்கள். இந்த அம்மாள் தாலாட்டு எடுத்து வைத்திருக்கிறார். பாப்பாவைக் காட்டுங்களேன் என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கண்ணாடிக் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"இவ திரும்பி வந்துட்டா மேடம். சிட்டுதான் போயிட்டா. போன மழைக்காலத்துல, காய்ச்சல்ல."

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. "அடடா" என்றேன். சொன்னதும் அது எவ்வளவு அற்பமான வார்த்தை என்று பட்டது. அவர் வாசலில் சொன்ன 'இன்னும் தூங்கல' நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், தடுமாறிச் சொல்லியிருப்பார் என்று அதை ஒதுக்கிவைத்தேன்.

வேலையைத் தொடங்கினேன். என் போனில் அவர்கள் வீட்டு ஸ்பீக்கர்கள் வரிசையாக வந்தன. கூடம், சமையலறை, படுக்கையறை, மாடி அறை, நான்கும் ஆரோக்கியமாக இருந்தன. சோதனைக்கு இன்டர்நெட்டிலிருந்து ஒரு வீணை இசையைப் போட்டேன். வீடு முழுக்க நிறைந்தது.

உடனே நின்றது.

மறுபடி போட்டேன். இரண்டு மீட்டல்கூட முடியவில்லை. நின்றது. திரையைப் பார்த்தேன். இயந்திரக் கோளாறு என்றால் வட்டம் சுற்றும், எச்சரிக்கை வரும். இதில் ஒன்றுமில்லை. யாரோ பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் காட்டியது.

"வேற யாராவது போன்ல இந்த ஆப்பை வச்சிருக்காங்களா? யாரோ நிறுத்தறாங்க."

கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுதிக் காட்டினார்.

வேற எதைப் போட்டாலும் அவளுக்குப் பிடிக்காது.

அப்போது மாடியில் காலடிச் சத்தம் கேட்டது.

வெறுங்கால். சின்னக் கால். தடதடவென்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. ஒரு கதவருகே நின்றது. திரும்பி ஓடி வந்தது. எனக்கு நேர் மேலே வந்து நின்றது.

"மேல யாரு சார்?"

"யாருமில்ல."

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும், சுவர் ஒட்டித்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள முடிந்ததே தவிர, கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது அடங்கவில்லை. அந்த அம்மாளோ அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் துளியும் இல்லை. வாய் மட்டும் அசைந்தது, காற்றுதான் வந்தது. பிறகு எனக்கு எழுதினார்.

ரூம் ரூமா என்னைத் தேடறா. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லக் குரல் இல்ல.

இன்னும் எழுதினார். வேகத்தில் பாதி எழுத்து தப்பும் தவறுமாக விழுந்தது. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப என்னை அம்மா இல்லன்னு சொல்லிட்டா. கிட்ட வரவே மாட்டா. அந்தப் பாட்டைப் போட்டு முதுகுல தட்டினாதான் அம்மான்னு நம்புவா. இப்பவும் அப்படித்தான். பாட்டு போட்டாத் தூங்கிடுவா. பாட்டு நின்னதிலேர்ந்து அவ தூங்கல. நானும் தூங்கல. எப்படியாவது பாட வச்சிடுங்க.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் அக்கா என்றா?

"பார்க்கிறேன் அக்கா" என்றேன். இயந்திரத்தோடு நின்றுவிடுகிற விஷயம் இல்லை இது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தது இயந்திரம் ஒன்றுதான்.

பாட்டுகள் மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. ஸ்பீக்கர்கள் அதன் ஃபோல்டரைத் தேடிப் போய் எடுத்துப் பாடும் ஏற்பாடு. இந்த மாதிரி ஏற்பாடு கெடுவதற்கு வழக்கமான காரணங்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்து பழைய அனுமதியை ரத்து செய்திருக்கும், பாஸ்வேர்டு மாறியிருக்கும், இல்லாவிட்டால் ஃபோல்டரை யாராவது இடம் மாற்றியிருப்பார்கள். படியேறும்போது இதையெல்லாம் மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கண்ணாடிக் கடைக்காரர் பின்னால் வந்தார்.

சிட்டுவின் அறை அது. சின்னக் கட்டில், பூப்போட்ட விரிப்பு, மூலையில் கம்ப்யூட்டர் மேஜை. பவுடர் வாசனை இங்கே இன்னும் பலமாக இருந்தது. அதோடு வேறொன்றும் கலந்திருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் படுக்கையிலிருந்து ஒரு வெக்கை வாசனை வரும், பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அனுமதி சரி, பாஸ்வேர்டும் சரி. ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை.

"சார், இது கோளாறு இல்ல. யாரோ உட்கார்ந்து அழிச்சிருக்காங்க."

அவர் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"தினம் மத்தியானம் பாட்டைப் போட்டுட்டு, இந்தக் காலிக் கட்டிலைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா மேடம். ராத்திரியும் அப்படியே. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருந்துச்சு. பாட்டு நின்னா இவ கொஞ்சங்கொஞ்சமா மறப்பா, நாலு பேரோட பழகுவான்னு நினைச்சேன். சிட்டு இருக்கான்னு அவ சொன்னதை நான் நம்பல." அவர் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது. "அழிச்ச அன்னிக்கே சிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. சொல்லிடாதீங்க."

அழித்தது அழிந்தே போய்விடாது. ஹார்ட் டிஸ்கில் அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழையது உள்ளே ஒளிந்து கிடக்கும். அதை வெளியே எடுக்க என்னிடம் கருவி இருந்தது. அவருக்கு அதைச் சொல்லி, "அதுக்கப்புறம் இதுல எதுவும் போடலையே?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளிறியது.

"போட்டேன். அவ நடக்கறதைக் கேட்டதும் பயந்து போய், தாலாட்டா வாங்கி வாங்கி இதுக்குள்ள கொட்டினேன். பெரிய பெரிய பாடகிங்க பாடினது. எது போட்டாலும் அழறா மேடம். ஸ்பீக்கர்லயே அழறா. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அழித்ததுகூடப் பெரிய தப்பில்லை, மீட்டிருக்கலாம். ஆறுதலுக்கென்று அவர் கொட்டிய பாட்டுகள்தான் அவர் மனைவியின் குரல் மேல் ஏறி உட்கார்ந்து அதை நசுக்கியிருந்தன. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "பார்ப்போம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவியை ஓட விட்டேன். அவர் மனைவியைத் துணைக்கு அழைத்துவரக் கீழே போனார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அறையில் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் மட்டும்.

இல்லை.

இன்னொரு சத்தமும் இருந்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில், நாற்காலியின் கை உயரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

சின்ன மூச்சு. வேகமான மூச்சு. முழங்கையில் சூடு அடித்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒவ்வொரு பெயராக மேலே வந்தது. அந்த அம்மாள் வைத்த பெயர்கள். சிட்டு அடம் பிடித்தால். சிட்டு இருட்டுக்குப் பயந்தால். சிட்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால். தான் இல்லாமல் போனால் என்னென்ன வரும் என்று யோசித்து யோசித்துப் பாடி வைத்திருக்கிறாள் அந்தப் பெண். எனக்குக் கண்ணை மறைத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றும் வெறும் இரைச்சல்.

பக்கத்தில் மூச்சு விடுவது நின்று, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இருடா கண்ணு" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. "தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கடைசியாக ஒன்றில் உயிர் இருந்தது. அதுவும் பாதி. பெயர், சிட்டு அம்மாவைத் தேடினால்.

அதை ஃபோல்டரில் போட்டு, ஸ்பீக்கர்களை மறுபடி தேடச் சொன்னேன். காலியாக இருந்த திரையில் அந்த ஒரு பெயர் வந்து நின்றது. அதற்குள் கணவனும் மனைவியும் மேலே வந்திருந்தார்கள். அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனதும், அந்த அம்மாள் போனை எனக்கு மட்டும் தெரியும்படி பிடித்தார்.

அவர்தான் அழிச்சார்னு எனக்குத் தெரியும். அதைப் பத்திக் கேக்காதீங்க. தாங்க மாட்டார்.

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே வீட்டில், ஒரே துக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது அக்கா. பாதியிலே நின்னுடும்" என்றேன். அந்த அம்மாள் தலையசைத்தார். கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, விரிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் போனில் அந்தப் பெயரைத் தொட்டேன்.

வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரு பெண் பாடினாள். சங்கீதம் படித்த குரல் இல்லை. நடுவே ஒரு இருமல், எங்கோ பாத்திரம் விழும் சத்தம், ஒரு சின்னச் சிரிப்பு. எதிரே படுத்திருந்தவளின் குரல்தான் அது என்பதை என் மனம் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடுப்பு தூங்கியாச்சு, அலமாரி தூங்கியாச்சு. சட்டி தூங்கியாச்சு, சாவிக்கொத்து தூங்கியாச்சு. இன்னும் யாரு தூங்கல?"

என் பக்கத்திலிருந்து காலடி கட்டிலை நோக்கி ஓடியது.

விரிப்பின் நடுவே மெத்தை அமுங்கியது.

அந்த அம்மாள் தட்ட ஆரம்பித்தார். அவர் கை விரிப்பு வரை போகவில்லை. விரிப்புக்கு ஒரு சாண் மேலேயே எதன் மீதோ பட்டுப் பட்டு எழுந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தார்.

"குடை தூங்கியாச்சு, கூடை தூங்கியாச்சு. தெரு விளக்கு…"

ஒரு கரகரப்பு. பாட்டு அறுந்தது.

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. அவர் வாயைத் திறந்தார். மிச்சத்தைப் பாட முயன்றார். உதடு அசைகிறது, தொண்டை நரம்பு புடைக்கிறது, காற்றுதான் வருகிறது. மறுபடி முயன்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் என் போனைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது, இப்போது எதுவும் பாடவில்லை என்று காட்டியது.

அப்போது ஸ்பீக்கர் பேசியது.

"தெரு விளக்கு தூங்கியாச்சு."

மழலைக் குரல். ராகம் கொஞ்சம் கோணலாக.

"ஜன்னல் தூங்கியாச்சு. கம்பூட்டர் தூங்கியாச்சு."

கம்ப்யூட்டர் திரை அணைந்தது.

"பை கொண்டு வந்த ஆன்ட்டி தூங்கல. அப்பா தூங்கல. அம்மா தூங்கவே இல்ல."

அந்த அம்மாளின் தோளில் இருந்த துணி லேசாக அமுங்கி எழுந்தது. மறுபடி அமுங்கி எழுந்தது. யாரோ தட்டிக்கொடுக்கிறார்கள். கை சின்னது, தாளம் பிசகிப் பிசகி விழுந்தது.

"அம்மா, தூங்கு. நீதான் எங்கம்மா."

அதைக் கேட்டதும் அவர் கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி ஓடியது. கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கவில்லை. மூச்சு சீரானது. எத்தனை நாள் விழிப்போ, கல்லைப் போட்டதுபோல் தூங்கிப்போனார்.

நான் நகரவில்லை. பயம் என்றால் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, நாற்காலி கிரீச்சிட்டு அவர் விழித்துவிடக் கூடாதே என்றிருந்தது. கையில் போன் அதிர்ந்தது. திரையில் ஒலியளவுக் கோடுகள் தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் சமையலறை. ஒரு சின்ன இடைவெளி, அங்கிருந்து நடந்து வருகிற நேரம். அடுத்து கூடம். அப்புறம் படுக்கையறை. படியில் காலடி, இந்தத் தரம் நுனிக்காலில். கடைசியாக இந்த அறையின் கோடும் இறங்கி, அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நின்றது.

கண்ணாடிக் கடைக்காரர் அதுவரை அடக்கிவைத்திருந்தது உடைந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேவினார். அவர் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் கிசுகிசுத்தது.

"மெதுவா அழுப்பா. அம்மா முழிச்சுக்குவா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு, மகள் சொன்னபடி மெதுவாக அழுதார்.